சைல்ட் சப்போர்ட் விசாரணை அதிகாரியின் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பல வருடம் சைல்ட் சப்போர்ட் விசாரணை அதிகாரியாக இருந்தேன். பிரிந்து வாழும் பெற்றோரில் பிள்ளை யாரிடம் இல்லையோ, அவரிடமிருந்து பிள்ளையின் செலவுக்கு மாதாமாதம் பணம் வாங்கித் தருவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. தமிழ்க் குடும்பங்களில் இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. விஷயம் முற்றிய பிறகு, ராத்திரி பத்து மணிக்கு, யாரிடமோ என் நம்பரை வாங்கிக் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவும் ஜீவனாம்சமும் ஒன்றா?

இல்லை. ஜீவனாம்சம் கணவன் மனைவிக்குள் கொடுப்பது. இது பிள்ளையின் பணம். கல்யாணமே ஆகாத பெற்றோருக்கும் இது உண்டு. "அவளுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம், நான் எதற்குக் கொடுக்கணும்?" என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலான மாநிலங்களில் இருவர் வருமானத்தையும் கூட்டி, அந்த வருமானத்தில் பிள்ளைக்கு இவ்வளவு செலவாகும் என்று ஒரு அட்டவணை பார்த்து, அவரவர் பங்கைப் பிரிப்பார்கள். அவர் அதிகம் சம்பாதித்தால் உங்கள் பங்கு குறையும், ஆனால் காணாமல் போகாது. டெக்சாஸ் மாதிரி சில மாநிலங்களில் கொடுப்பவரின் நிகர வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு 20 சதவீதம், இரண்டுக்கு 25 சதவீதம் என்பது அடிப்படைக் கணக்கு.

குடும்ப விஷயத்தில் அரசு எதற்கு வருகிறது?

1975 ஜனவரியில் ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து இது ஆரம்பம். சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் தலைப்பில் 'டி' என்ற பகுதியாக அதைச் சேர்த்தார்கள். அலுவலகங்களில் 'ஃபோர் டி கேஸ்' என்று சொல்வது அதனால்தான். மாநிலங்கள் நடத்துகின்றன, செலவில் 66 சதவீதத்தை மத்திய அரசு கொடுக்கிறது. அப்போதைய நோக்கம் அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பங்களுக்குச் செலவானதை, விட்டுப்போன பெற்றோரிடமிருந்து திரும்ப வாங்குவது. இன்றைக்கும் ஒரு குடும்பம் அரசின் பண உதவி வாங்கினால், பிள்ளைக்கு வர வேண்டிய தொகையைப் பெறும் உரிமை மாநிலத்துக்குப் போகிறது. சில மாநிலங்கள் அதில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கே விட்டுக்கொடுக்கின்றன. முழுவதையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்பா கட்டுகிறார், பிள்ளை கைக்கு வரவில்லை என்றால், அடுத்த மாதம் கட்ட அவருக்கு எப்படி மனசு வரும்?

இப்போது வரும் கேஸ்களில் பெரும்பாலானவர்கள் உதவித்தொகை வாங்காதவர்கள். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.

விசாரணை அதிகாரி என்றால் போலீஸா?

பெரும்பாலான இடங்களில் இல்லை. சில கவுண்டிகளில் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தோடு சேர்ந்த, கைது செய்யும் அதிகாரம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இருந்தது ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஒரு போன், சில நூறு கேஸ். ஆளைக் கண்டுபிடிப்பது, யார் அப்பா என்று உறுதி செய்வது, வருமானம் எவ்வளவு என்று பார்ப்பது, உத்தரவு வாங்குவது, அந்த உத்தரவுப்படி பணம் வருகிறதா என்று கவனிப்பது, இவ்வளவும் வேலையில் அடக்கம்.

ஆனால் இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எதிரில் இருப்பவரால் முடியவில்லையா, அல்லது மனசில்லையா? இரண்டு பேரின் பைலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் பாக்கி, இரண்டிலும் பதில் வராத கடிதங்கள். அதை மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு பக்கம் பிள்ளை பட்டினி கிடக்கும், இன்னொரு பக்கம் ஒரு மனுஷன் தலையெடுக்க முடியாமல் போவான்.

ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சினிமாவில் வருவது போல யாரையும் பின்தொடர்வதில்லை. 1996-இல் வந்த சட்டப்படி, ஒருவரைப் புதிதாக வேலைக்குச் சேர்க்கும் ஒவ்வொரு கம்பெனியும் அவர் பெயர், விலாசம், சமூகப் பாதுகாப்பு எண் மூன்றையும் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதிகபட்சம் 20 நாள். மாநிலம் அதைத் தேசியப் பட்டியலுக்கு அனுப்பும். அங்கே நாடு முழுவதுமுள்ள சைல்ட் சப்போர்ட் கேஸ்களோடு ஒப்பிடுவார்கள். ஃப்ளோரிடாவில் கேஸ் இருக்கும் ஒருவர் ஓரிகனில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாலும் சில வாரத்தில் எங்கள் திரையில் ஒரு வரி வந்துவிடும். வங்கிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கிக்காரர் பட்டியலோடு தங்கள் கணக்குகளைச் சரிபார்க்கின்றன. இதோடு வாகனப் பதிவு, லைசென்ஸ், வேலையின்மை உதவி, சிறைப் பதிவு எல்லாம் உண்டு.

இவ்வளவு இருந்தும், மனிதர்கள் சொல்லும் ஒரு சின்ன விவரம் பல நேரம் கம்ப்யூட்டரை ஜெயிக்கும். விண்ணப்பிக்க வரும்போது அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, பழைய கம்பெனி, அண்ணன் தம்பி எந்த ஊர், என்ன தொழில் தெரியும் என்று தெரிந்ததையெல்லாம் எழுதிக்கொடுங்கள். தமிழ்ப் பெயர் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அப்பா பெயர் சில ஆவணங்களில் முதல் பெயராகவும் சிலவற்றில் கடைசிப் பெயராகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி, லைசென்ஸில் எப்படி என்று இரண்டையும் எழுதுங்கள். பெயர் இடம் மாறியதால் கிடைக்காமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தகவல்களை நாங்கள் இஷ்டத்துக்குத் திறந்து பார்க்க முடியாது. கேஸ் இல்லாமல் ஒருவர் விவரத்தைத் தேடினால் வேலை போகும், வரி விவரம் என்றால் வழக்கே வரும்.

நான் அப்பா இல்லை என்றால்?

டி.என்.ஏ. பரிசோதனை கேளுங்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல், அவ்வளவுதான். ரத்தம் எடுப்பதில்லை. பல மாநிலங்களில் அப்பாவாக இருக்கும் சாத்தியம் 99 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தால் சட்டம் அவரை அப்பாவாக எடுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்குள் பிறந்த பிள்ளை என்றால் கணவனையே அப்பாவாக எடுத்துக்கொள்வார்கள், மாற்றுவதற்கு வேறு வழிமுறை.

ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த அன்றைக்குக் கொடுக்கும், நான்தான் அப்பா என்று ஒப்புக்கொள்ளும் தந்தைமைப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 60 நாளுக்குள் (அதற்குள் கோர்ட்டில் விசாரணை நடந்தால் அதற்கு முன்பே) திரும்பப் பெறலாம். அதற்குப் பிறகு மோசடி, மிரட்டல், உண்மை தெரியாமல் நடந்த தவறு என்று நிரூபித்தால்தான் கலைக்க முடியும். சம்மன் வந்தும் போகாமல் இருப்பது இன்னும் மோசம். நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும்.

கேஷில் வேலை செய்கிறார், வருமானமே இல்லை என்று எழுதிக்கொடுக்கிறார். என்ன செய்வீர்கள்?

வரவை மறைக்கலாம், செலவை மறைப்பது கஷ்டம். வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவர் மாத வருமானம் 900 டாலர் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தார். அதே தாளில் வாடகை 1,450, டிரக் தவணை 610. "மீதியை யார் கட்டுகிறார்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தோரத்தில் வெள்ளைப் பெயின்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உண்மையைச் சொன்னால் எல்லாத்தையும் எடுத்துக்குவீங்கன்னு தம்பி சொன்னான்" என்றார். அட்டவணையை அவர் பக்கம் திருப்பி வைத்து, நிஜமான வருமானத்துக்கு எவ்வளவு வரும் என்று காட்டினேன். அவர் பயந்ததில் பாதிகூட இல்லை. அடுத்த வாரம் வேலை எழுதி வைக்கும் நோட்டைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நான் அந்தக் கேஸில் அவரைக் கூப்பிட வேண்டிய தேவையே வரவில்லை.

எல்லாரும் நோட்டைக் கொண்டுவர மாட்டார்கள். அப்போது அவருடைய தொழில், முன்பு வாங்கிய சம்பளம், உள்ளூர் வேலைவாய்ப்பு எல்லாம் பார்த்து இவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று கோர்ட் ஒரு தொகையை வைக்கும். இது கூர்மையான கத்தி. சம்பாதிக்க முடியாதவர் மேல் கற்பனைச் சம்பளத்தை ஏற்றினால், அந்த உத்தரவு முதல் மாதத்திலிருந்தே பாக்கியைத்தான் பெருக்கும். அதனால்தான் 2016 டிசம்பரில் மத்திய அரசு, கொடுப்பவரின் உண்மையான சூழ்நிலையைப் பார்த்தே தொகை வைக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது.

மறுபக்கமும் நடக்கும். "அவர் ரெஸ்டாரன்ட் வைத்து லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறார்" என்று ஒரு அம்மா சொன்னார். கணக்கைத் திறந்தால் மூன்று கடன், கட்டாத வாடகை. அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பிரிந்துபோனவரின் வாழ்க்கை தூரத்திலிருந்து எப்போதும் செழிப்பாகத்தான் தெரியும்.

வேலை போய்விட்டது. நிலைமை சரியானதும் பேசிக்கொள்ளலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உத்தரவில் உள்ள தொகை தானாக நிற்காது, தானாகக் குறையாது. 1986-இல் வந்த பிராட்லி திருத்தப்படி, தவணைத் தேதி தாண்டிய ஒவ்வொரு தொகையும் அந்த நிமிடமே கோர்ட் தீர்ப்பான கடனுக்குச் சமம். பின்னால் போய் அதைக் குறைக்க நீதிபதிக்கும் அதிகாரமில்லை. மாற்றக் கோரி நீங்கள் மனு போட்டு எதிர்தரப்புக்குத் தகவல் போன நாளிலிருந்துதான் குறைக்க முடியும். ஆக, மார்ச்சில் வேலை போய் நவம்பரில் மனு போட்டால், நடுவிலுள்ள எட்டு மாதமும் பழைய சம்பளக் கணக்கிலேயே கடனாக நிற்கும். கையில் பணம் இல்லாவிட்டாலும் மனு போடலாம்.

என் மனதை விட்டுப் போகாத ஒரு கேஸ் இங்கேதான் வரும். ஒருவருக்கு மாதம் 412 டாலர் உத்தரவு. திடீரென்று நின்றுபோனது. கடிதம் மேல் கடிதம் அனுப்பினோம். ஆறும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, அனுப்பியவருக்கே திரும்பி வந்தன. தட்டிக்கழிக்கிறார் என்று பைலில் நானே குறிப்பு எழுதினேன். எட்டாவது மாதம் சிறைப் பதிவைத் திறந்து பார்த்தேன். எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கவுண்டி ஜெயிலில், அந்த எட்டு மாதமும் இருந்திருக்கிறார். 3,296 டாலர் பாக்கி. முதல் கடிதம் திரும்பிய அன்றே நான் அந்தப் பதிவைப் பார்த்திருந்தால், ஒரு படிவத்தோடு போய் அவரைப் பார்த்திருப்பேன். அந்தத் தொகையில் ஒரு டாலரைக்கூட எங்களால் குறைக்க முடியவில்லை. அவர் வெளியே வந்தபோது வேலை இல்லை, லைசென்ஸும் இல்லை.

அதற்குப் பிறகு, திரும்பி வந்த கடிதம் ஒன்று மேஜைக்கு வந்தால் சிறைப் பதிவைத்தான் முதலில் பார்ப்பேன். இப்போது மத்திய விதியே இருக்கிறது. சிறையில் இருப்பதை 'வேண்டுமென்றே வேலையை விட்டது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 180 நாளுக்கு மேல் ஒருவர் சிறையில் இருப்பார் என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால், தானே மறுபரிசீலனை தொடங்க வேண்டும், அல்லது 15 வேலைநாளுக்குள் இரு பெற்றோருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு என்று தெரிவிக்க வேண்டும். சட்டமே தொகையைத் தானாகக் குறைத்துவிடும் மாநிலங்களில் மட்டும் இதற்கு அவசியமில்லை.

சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

வரி போன்ற கட்டாயப் பிடித்தங்கள் போக மீதியில், வேறு துணையோ பிள்ளையோ உங்களை நம்பி இருந்தால் 50 சதவீதம் வரை, இல்லாவிட்டால் 60 வரை. 12 வாரத்துக்கு மேற்பட்ட பாக்கி இருந்தால் இரண்டிலும் இன்னொரு 5 சேரும். இது மத்திய உச்சவரம்பு, பல மாநிலங்கள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கின்றன. வசூலாகும் பணத்தில் பெரும்பகுதி இந்தச் சம்பளப் பிடித்தத்தில்தான் வருகிறது.

கட்டாமலே இருந்தால்?

வருமான வரியில் திரும்பி வரும் பணத்தைப் பிடிப்பார்கள். வங்கிக் கணக்கை முடக்கலாம். வீட்டின் மேல் பாக்கிக்கான உரிமைப் பதிவு (லீன்) போடலாம். ஓட்டுநர் லைசென்ஸ், தொழில் லைசென்ஸ், மீன்பிடி லைசென்ஸ்கூட நிறுத்தலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் தர மாட்டார்கள். ஊரில் அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் அங்கே நின்றுபோனவர்களின் போன்தான் எனக்கு வந்த போன்களிலேயே கனமானவை.

லைசென்ஸ் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. டிரக் ஓட்டிப் பிழைப்பவரின் லைசென்ஸை எடுத்தால் பணம் எங்கிருந்து வரும்? நோட்டீஸ் வந்ததும் கூப்பிட்டு, கட்டக்கூடிய ஒரு தவணையைப் பேசினால் பெரும்பாலும் அந்த நடவடிக்கையை நிறுத்திவைப்பார்கள்.

ஜெயிலில் போடுவார்களா?

போடலாம். கட்டும் வசதி இருந்தும் கோர்ட் உத்தரவை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு. வசதி இல்லாதவரை அதற்காக அடைக்கக் கூடாது. 2011-இல் டர்னர் எதிர் ராஜர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. தென் கரோலினாவில் வக்கீல் இல்லாத ஒரு தந்தையை, அவரால் கட்ட முடியுமா என்று சரியாக விசாரிக்காமலே 12 மாதம் சிறையில் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட எல்லாருக்கும் அரசு செலவில் வக்கீல் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் கட்டும் சக்திதான் முக்கியக் கேள்வி என்று முன்கூட்டியே தெரிவித்து, படிவம் கொடுத்து, பேச வாய்ப்புத் தந்து, அதன் பிறகுதான் முடிவெடுக்க வேண்டும் என்றது.

அந்தப் படிவத்தை நிரப்ப வைப்பது எங்கள் வேலையின் முக்கியமான பகுதி. நீதிபதியிடம் போகும் முன் "இவரால் முடியும், இதோ ஆதாரம்" என்று சொல்ல முடியாவிட்டால் நான் அந்தக் கேஸை அனுப்ப மாட்டேன்.

பிள்ளையைப் பார்க்க விடவில்லை. பணத்தை நிறுத்தலாமா?

கூடாது. இரண்டும் தனித்தனி. பார்க்கும் உரிமைக்குக் கோர்ட்டில் தனியாக மனு போடுங்கள். அதே போல, பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கவும் முடியாது.

நேரடியாக அவள் கையில் கொடுத்துவிட்டேன், சைக்கிளும் வாங்கிக் கொடுத்தேன். கணக்கில் வருமா?

பெரும்பாலும் வராது. பணத்தை வாங்கிப் பட்டுவாடா செய்யும் மாநில மையம் வழியாகப் போவதுதான் கணக்கு. சைக்கிள் பரிசு.

அவர் அடிப்பவர். விண்ணப்பித்தால் என் விலாசம் அவருக்குத் தெரிந்துவிடுமா?

இதைக் கேட்கும் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள், சில பேர் பாத்ரூமிலிருந்து. பதில்: முதல் நாளே சொல்லுங்கள். கேஸில் குடும்ப வன்முறைக் குறி ஒன்று போடுவோம். அது விழுந்தால் தேசியப் பதிவேட்டிலிருந்து உங்கள் விவரம் வெளியே போகாது. கோர்ட் தாள்களில் விலாசத்தை மறைக்கக் கேட்கலாம். அரசு உதவி வாங்குபவர்கள் சைல்ட் சப்போர்ட் அலுவலகத்தோடு ஒத்துழைக்க வேண்டும் என்பது விதி, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் 'தகுந்த காரணம்' காட்டி விலக்குப் பெறலாம்.

படிவத்தில் அந்தக் கட்டம் சின்னதாக இருக்கும். நான் எல்லாரிடமும், ஆண் பெண் பார்க்காமல், வாய்விட்டே கேட்பேன். தமிழ்ப் பெண்கள் முதல் தடவை "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்பார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

வெளிநாட்டுக்குப் போய்விட்டார். ஏதாவது செய்ய முடியுமா?

வேறு மாநிலம் என்றால் பிரச்சினையில்லை, ஒரு மாநிலத்தின் உத்தரவை இன்னொன்று அமல்படுத்தியே ஆக வேண்டும். வெளிநாடு என்றால் எந்த நாடு என்பதைப் பொறுத்தது. 2007-இன் ஹேக் உடன்படிக்கை அமெரிக்காவுக்கு 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, அதில் சேர்ந்த நாடுகளோடு வேலை நடக்கும். இந்தியா அதில் இல்லை. அங்கே தனியாக வழக்குப் போட வேண்டி வரும். அதனால் அவர் கிளம்பிவிடுவார் என்று தோன்றினால், அமெரிக்காவில் சம்பளம் வாங்கும்போதே உத்தரவு வாங்கிவிடுங்கள். இங்கே இருக்கும் வங்கிக் கணக்கு, வீடு, வரியில் திரும்பி வரும் பணம் மேல் பிறகும் கை வைக்கலாம்.

பாக்கி இருந்தால் குடியுரிமை கிடைக்காதா?

குடியுரிமை விண்ணப்பத்தில், உங்களை நம்பியிருப்பவர்களை வேண்டுமென்றே கைவிட்டீர்களா என்று பார்ப்பார்கள். நல்லொழுக்கம் என்ற தகுதியில் அதுவும் சேரும். பாக்கி இருந்தால் தவணை ஒப்பந்தமும் கட்டிய ரசீதுகளும் கையில் வைத்துக்கொண்டு, வக்கீலைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அலுவலக வக்கீல் என் பக்கமா?

யார் பக்கமும் இல்லை. அவர் மாநிலத்துக்காக வாதாடுபவர். கேஸைத் திறந்தது நீங்களாக இருந்தாலும் அப்படித்தான்.

பிள்ளைக்கு 18 ஆனதும் முடிந்துவிடுமா?

புதிதாக ஏறும் தொகை பல மாநிலங்களில் 18 வயதில் அல்லது பள்ளி முடிந்ததும் நிற்கும். நியூயார்க்கில் 21. பழைய பாக்கி நிற்காது. கட்டி முடியும் வரை சம்பளப் பிடித்தம் தொடரும். அது இன்னும் அம்மாவுக்கோ மாநிலத்துக்கோ உரியதுதான். முழுவதும் கட்ட முடியாத நிலை என்றால் அலுவலகத்தைக் கேளுங்கள். மாநிலத்துக்குச் சேர வேண்டிய பாக்கியைச் சமரசமாகக் குறைக்கும் திட்டம் பல இடங்களில் உண்டு. அம்மாவுக்குச் சேர வேண்டியதை அவர் சம்மதித்து எழுதிக்கொடுத்தால்தான் தள்ளுபடி செய்ய முடியும். பாக்கி முடிந்ததும் பிடித்தத்தை நிறுத்தும் தாள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.